தூக்கிப் போடு, தம்பி!

599 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குச் செருப்புக் கடை ஞாபகம் வரும். எனக்கு வி.வி.குமார் ஞாபகம் வருகிறது.

‘யார் அந்தக் குமார்?’ என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். 1935-ல் மெட்ராஸில் பிறந்த லெக் ஸ்பின்னர். இருபது வருடத்துக்கு மேல், முதலில் மெட்ராஸ் டீமுக்கும் பிறகு பெயர் மாறிய தமிழ்நாடு டீமுக்கும் பந்து போட்டவர். முதல்தரப் போட்டிகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் மொத்தம் 599. இன்னும் ஒன்று விழுந்திருந்தால் முழுசாக 600. விழவில்லை.

சரி, இந்தியாவுக்காக எத்தனை டெஸ்ட் ஆடினார்? இரண்டு.

முதல் டெஸ்ட் 1961 பிப்ரவரியில், டெல்லியில், பாகிஸ்தானுக்கு எதிராக. முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன் கொடுத்து 5 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் 2. இன்றைக்கு ஒரு பையன் முதல் மேட்ச்சில் இப்படிச் செய்தால் மறுநாள் காலை அவன் அம்மா கோலம் போட வாசலுக்கு வர முடியாது. அத்தனை மைக் நிற்கும். குமாருக்கு அடுத்த டெஸ்ட் அதே வருடம் நவம்பரில் பம்பாயில், இங்கிலாந்தோடு. விக்கெட் விழவில்லை. அதோடு சரி. அப்போது அவருக்கு வயது 26. அதற்கப்புறமும் பதினைந்து வருடம் போல ரஞ்சியில் போட்டுக்கொண்டே இருந்தார். விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. டெல்லியிலிருந்தோ பம்பாயிலிருந்தோ தந்தி வரவில்லை.

இந்தப் பழைய கணக்கை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், ஒரு அப்பா என்னிடம் வந்து கேட்ட கேள்விதான் காரணம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். வாராவாரம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இன்னும் நம்புகிற நல்ல மனசு.

‘‘சார், பையன் ஸ்பின் போடறான். பதினேழு வயசு. கோச் நல்லா வருவான்னு சொல்றாரு. ப்ளஸ் டூ முடிச்சதும் படிப்பை நிறுத்திட்டு கிரிக்கெட்லயே விட்ரலாம்னு நான் சொல்றேன். அவங்கம்மா சோறு போட மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க, விடலாமா?’’

கவனித்தீர்களா? வழக்கமாக ‘படிக்காம பேட்டைத் தூக்கிட்டு அலையறான்’ என்றுதான் அப்பாக்கள் வருவார்கள். இவர் தலைகீழ். குற்றம் சொல்ல முடியாது. வருண் சக்ரவர்த்தியை 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் 8 கோடியே 40 லட்ச ரூபாய்க்கு எடுத்ததை டி.வி-யில் பார்த்தவர். அடிப்படை விலை 20 லட்சம். லேத் பட்டறையில் அத்தனை ரூபாய் பார்க்க எத்தனை தலைமுறை போல்ட் கடைய வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ‘நாலு நாள் கொடுங்க’ என்று அனுப்பிவிட்டு, அம்பத்தூர் ஓ.டி-யில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கால இடது கை ஸ்பின்னர். பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மேற்குப் பக்கத்து ஊர்களைப் பற்றி நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. இங்கே கிரிக்கெட் வந்தது தொழிற்சாலை கேட் வழியாக. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. அறுபதுகளில் ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையும், சீருடை தைக்கும் தொழிற்சாலையும் வந்தன. அதே அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட். பெரிய தொழிற்சாலை என்றால் கேன்டீன் இருக்கும், குவார்ட்டர்ஸ் இருக்கும், கூடவே ஒரு மைதானமும் இருக்கும். மைதானம் இருந்தால் டீம் வேண்டாமா? நன்றாக ஆடுகிற பையனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். பெரியவரும் அப்படி உள்ளே போனவர்தான். காலையில் மெஷின், மத்தியானம் நெட் பிராக்டீஸ், சனி ஞாயிறு லீக் மேட்ச், ஒண்ணாம் தேதி சம்பளம். அன்றைக்கு ‘புரொஃபஷனல் ஸ்பின்னர்’ என்றால் இங்கே அர்த்தம் அதுதான். பந்துக்குக் காசு கிடையாது. பந்து போடுவதற்காகக் கிடைத்த வேலைக்குக் காசு.

பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நடுக்கணு மட்டும் புடைத்து, விரலே கொஞ்சம் கோணிக்கொண்டிருந்தது.

‘‘சொத்து சார்’’ என்றார். ‘‘தையலைப் புடிச்சி முப்பது வருஷம் சுத்தினதுல வந்தது. பேட்ஸ்மேனுக்கு உள்ளங்கைல காய்ப்பு. எங்களுக்கு இது.’’

கிரிக்கெட் பந்தின் எடை 156-லிருந்து 163 கிராம். வேகப்பந்து வீச்சாளர் அதை 140 கிலோமீட்டரில் எறிகிறார். ஸ்பின்னர் 80, 90-ல் போடுகிறார். பஸ் வேகம். நின்று நிதானமாக அடிக்கலாம் போலத் தெரியும். ஆனால், விரலாலோ மணிக்கட்டாலோ பலமாகச் சுழற்றிவிட்ட பந்து காற்றிலேயே பக்கவாட்டில் நகரும். பேட்ஸ்மேன் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே சட்டென்று இறங்கிவிடும். அப்புறம்தான் தரையில் பட்டுத் திரும்புவதெல்லாம். அதற்குப் பந்தைக் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். தூக்கிப் போட்டால் சிக்ஸர் அடிப்பார்கள். அடிப்பார்கள் என்று தெரிந்தே போடுவதுதான் இந்தத் தொழில்.

விஷயத்தைச் சொல்லி, ‘‘பையனை முழுசா இதுல விடலாமா?’’ என்று கேட்டேன்.

‘‘ஸ்பின்னருக்கு ஆயுசு கெட்டி சார். அதான் இதுல இருக்கற நல்லது. கெட்டதும் அதேதான்’’ என்றார் பெரியவர்.

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு போகும், முழங்கால் போகும். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுத்தவருக்கு இடம். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பின்னருக்கு அப்படி இல்லை. நல்ல ஸ்பின்னர் ஒருவர் உள்ளே உட்கார்ந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருடம் எழுந்திருக்க மாட்டார். பின்னால் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

பிஷன்சிங் பேடி 1966 கடைசியில் உள்ளே வந்தார். 1979 வரை இருந்தார். 67 டெஸ்ட், 266 விக்கெட். அதே வருடங்களில் அவரைப் போலவே இடது கையால் பந்து போட்ட இரண்டு பேரைப் பாருங்கள். ஹரியானாவின் ராஜிந்தர் கோயல், முதல்தரப் போட்டிகளில் 750 விக்கெட். பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர், 589 விக்கெட். இருவரும் ஆடிய டெஸ்ட், பூஜ்யம். 1974-ல் ஒழுங்கு நடவடிக்கை என்று பேடியை ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். பெங்களூரில், வெஸ்ட் இண்டீஸோடு. கோயலைக் கூப்பிட்டார்கள். போனார். அன்றைக்குக் காலையில் ஆடும் பதினோரு பேரில் அவர் பெயர் இல்லை. அடுத்த டெஸ்ட்டில் பேடி திரும்பி வந்துவிட்டார்.

ஷிவால்கரை நம் ஊர்க்காரர்கள் மறக்கவே முடியாது. 1973 ரஞ்சி ஃபைனல், சேப்பாக்கம். பந்து பம்பரமாகத் திரும்பிய பிட்ச். நம் பக்கம் குமார், வெங்கட்ராகவன் என்று இரண்டு பெரிய கைகள். பம்பாய் 151-ம் 113-ம்தான் எடுத்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஊர் நினைத்திருக்கும். நம் ஸ்கோர் 80, 61. ஷிவால்கர் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5. மூன்றாவது நாள் முதல் பந்தோடு மேட்ச் முடிந்தது. அந்த மனிதருக்குத்தான் கடைசி வரை ஒரு டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் இறந்துபோனார். கோயல் அதற்கு முன்பே, 2020-ல். இரண்டு பேரையும் பற்றித் தன் புத்தகத்தில் எழுதி, ஹீரோக்கள் வரிசையில் சேர்த்தார் கவாஸ்கர். அது ஒன்றுதான் ஆறுதல்.

நம் குமார் கதையும் இதேதான். அவர் டெஸ்ட் ஆடியபோது சுபாஷ் குப்தே, போர்டே என்று லெக் ஸ்பின்னர்கள் இருந்தார்கள். 1964-ல் சந்திரசேகர் வந்துவிட்டார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் நால்வரும் சேர்ந்து எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 853. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எண். அந்த 853-க்கும் பின்னால் கியூவில் நின்று கால் வலித்தவர்களின் எண்ணை யாரும் கூட்டுவதில்லை.

கதவு திறந்த கதையும் ஒன்று உண்டு. பேடி தன் கடைசி டெஸ்ட்டை லண்டன் ஓவலில் 1979 செப்டம்பர் 4-ம் தேதி முடித்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11-ல், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக திலீப் தோஷி என்ற இடது கை ஸ்பின்னர் தன் முதல் டெஸ்ட்டை ஆடினார். வயது 31. முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட். மொத்தம் 33 டெஸ்ட்டில் 114. முப்பத்தியோரு வயது வரை விரலை மழுங்கவிடாமல் காத்திருந்தாரே, அதைச் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் திறந்தால் மட்டும் நல்லதா? நம் லஷ்மண் சிவராமகிருஷ்ணன் 17 வயதில், 1983-ல் டெஸ்ட் ஆடினார். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்தை ஒரே டெஸ்ட்டில் 12 விக்கெட் எடுத்துச் சுருட்டினார். ஊரே ‘சிவா, சிவா’ என்றது. 1986 ஜனவரியில் கடைசி டெஸ்ட். அப்போதுதான் 20 வயது நிரம்பியிருந்தது. மற்ற ஸ்பின்னர்கள் தொடங்கவே தொடங்காத வயது.

இதையெல்லாம் நான் லேத் பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

‘‘அப்ப வேணாம்ங்கறீங்களா சார்?’’

இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. படிப்பை நிறுத்தினால்தான் ஸ்பின்னராக முடியும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னார்?

விரல் விட்டு எண்ணுங்கள். வெங்கட்ராகவன் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ். 57 டெஸ்ட், 156 விக்கெட். அப்புறம் அம்பயராக 73 டெஸ்ட். கும்ப்ளே மெக்கானிக்கல் இன்ஜினீயர். 619 விக்கெட். அஸ்வின் எஸ்.எஸ்.என். காலேஜில் பி.டெக். படித்தவர். 106 டெஸ்ட், 537 விக்கெட். எல்லாவற்றையும்விட பிரசன்னா! 1962-ல் டெஸ்ட் டீமில் இடம் பிடித்தவர், இன்ஜினீயரிங்கை முடிக்கிறேன் என்று போய்விட்டார். திரும்பி வந்து ஆடியது 1967-ல். இடையில் ஐந்து வருடம். வந்த பிறகும் பந்து அதே மாதிரி திரும்பியது. 49 டெஸ்ட்டில் 189 விக்கெட். வேகப்பந்து வீச்சாளர் ஐந்து வருடம் லீவு போட முடியுமா? ஸ்பின்னருக்கு முடியும். ஆயுசு கெட்டி என்று பெரியவர் சொன்னாரே, அதில் நல்லது என்பது இதுதான்.

நீங்கள் டி.வி-யில் பார்த்த அந்த 8 கோடி 40 லட்சக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். வருண், ஸ்கூலில் விக்கெட் கீப்பர். டீமில் இடம் கிடைக்கவில்லை. கிரிக்கெட்டை விட்டுவிட்டு எஸ்.ஆர்.எம்-மில் ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் படித்தார். 2014-ல் வந்த ‘ஜீவா’ படத்தில் கிரிக்கெட் ஆடுகிற பையனாகத் தலைகாட்டினார். திரும்ப வந்து மீடியம் பேஸ் போட்டார். முழங்காலில் அடிபட்டது. அதற்கப்புறம்தான் ஸ்பின். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் ஒன்றில் போட்டுப் பழகி மேலே வந்தார். ஏலத்தில் கோடிகள் கிடைத்த அந்த சீஸனில் ஆடியது ஒரே ஒரு மேட்ச். காயம். அந்த டீம் விடுவித்தது. கொல்கத்தா எடுத்தது. 2021 உலகக் கோப்பையில் மூன்று மேட்ச் ஆடி ஒரு விக்கெட்கூட இல்லை. மூன்று வருடம் இந்திய டீமில் ஆளைக் காணோம். 2024-ல் மறுபடி கூப்பிட்டார்கள். 2025 மார்ச், துபாய், சாம்பியன்ஸ் டிராபி, நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5. வயது 33. ஏலம் ஒரு நாள் சமாசாரம். மற்றதெல்லாம் காத்திருந்தது.

உச்சியில் இருந்தவருக்கும் இதே கதிதான். மேற்கு மாம்பலத்துத் தெருவில் டென்னிஸ் பந்தில் ‘சொடக்கு’ போட்டுப் பழகிய அஸ்வின், 2023-ல் உலகின் நம்பர் ஒன் டெஸ்ட் பௌலராக இருந்தபோதே ஓவலில் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் உட்கார வைக்கப்பட்டார். 2024 டிசம்பர் 18-ல் பிரிஸ்பேனில், தொடரின் நடுவிலேயே ‘போதும்’ என்று சொல்லிவிட்டார். 537 விக்கெட் எடுத்தவருக்கே பெஞ்ச் என்றால் அம்பத்தூர்ப் பையனுக்கு?

பட்டறைக்காரர் விடவில்லை. ‘‘இப்பல்லாம் ரஞ்சி ஆடினாலே நல்ல காசாமே சார்?’’

உண்மைதான். 2021-ல் கிரிக்கெட் வாரியம் போட்ட கணக்குப்படி, ஆடும் பதினோரு பேரில் இருந்தால், அனுபவத்துக்குத் தகுந்தாற்போல் ஒரு நாளைக்கு 40,000-லிருந்து 60,000 ரூபாய். கோயல் காலத்தில் யாரும் கனவில்கூடப் பார்க்காத தொகை. ஆனால், அந்தப் பதினோரு பேரில் ஸ்பின்னருக்கு இரண்டு இடம். மிஞ்சினால் மூன்று. தமிழ்நாடு முழுக்க எத்தனை பையன்கள் விரலில் பந்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இந்த இரண்டு இடம் கிடைக்காதவனுக்குத் தொழிற்சாலை டீம் இருந்தது. அறுபது வயது வரை சம்பளம் இருந்தது. பெரியவரின் வீடு அதில் கட்டியதுதான். இப்போது அந்த மாதிரி நிரந்தர வேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஏணியில் மேல் படிகள் தங்கத்தில் இருக்கின்றன. நடுப் படிகளைத்தான் கழற்றிவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பையன் காத்திருப்பதற்குக் காலுக்குக் கீழே ஒரு பலகை வேண்டும். படிப்பு அந்தப் பலகை.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பையன் நிஜமாகவே ஸ்பின்னர்தானா? பெரியவர் ‘‘நான் வந்து பாக்கறேன்’’ என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் மேட்ச். மூன்று பேரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். பையன் ஆஃப் ஸ்பின். எதிரே வாட்டசாட்டமான ஒரு ஆள். தூக்கிப் போட்ட முதல் பந்து காம்பவுண்ட் சுவரைத் தாண்டி முள்செடிக்குள் போனது. தேடி எடுக்க ஐந்து நிமிடம்.

‘‘இப்பப் பாரு’’ என்றார் பெரியவர். ‘‘இதுக்கு அடுத்த பந்துதான் பரீட்சை. பயந்தவன் தட்டையா வேகமா போடுவான்.’’

பையன் மறுபடி தூக்கித்தான் போட்டான், முன்னதைவிடக் கொஞ்சம் மெதுவாக. அதுவும் சிக்ஸர். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் பந்து போன திசையையே பார்க்கவில்லை. பையன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘தூக்கிப் போடு, தம்பி!’’ என்று மரத்தடியிலிருந்தே கத்தினார்.

மூன்றாவது பந்து இன்னும் உயரம். ஆள் இறங்கி வந்து சுற்றினார். பந்து அவர் நினைத்த இடத்துக்கு வரவில்லை. விளிம்பில் பட்டு லாங் ஆனுக்கு மேலே ஏறியது. அங்கே நின்ற பையன் அழகாகக் கீழே வந்து நின்று, அழகாகக் கோட்டைவிட்டான்.

எட்டு ஓவர், 52 ரன், விக்கெட் இல்லை. ஸ்கோர் புத்தகத்தில் இதுதான் இருக்கும். அந்த மூன்று பந்துகளைப் பற்றி அதில் எழுதக் கட்டம் கிடையாது.

திரும்பி வரும்போது அப்பா பேசவே இல்லை. பெரியவர்தான் பேசினார். ‘‘படிக்க வைப்பா. பந்தும் போடட்டும். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் யாரும் எதுவும் கேக்காதீங்க. 599 விக்கெட் எடுத்தவருக்கே ரெண்டு டெஸ்ட்டுதான். இதெல்லாம் தெரிஞ்சும் போடறேன்னு அவன் சொன்னா போடட்டும்.’’

பையனிடம் தனியாகக் கேட்டேன், குமார் கதையைச் சொல்லி. கொஞ்ச நேரம் யோசித்தான். ‘‘அந்த 599 பேரும் அவுட்டானது அவுட்டானதுதானே அங்கிள்?’’ என்றான். இதற்கு மேல் அவனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது பி.காம். சேர்ந்திருக்கிறான். அம்மா சோறு போடுகிறார். வாரக் கடைசியில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடுகிறான். இந்த சீஸனில் பதினொரு விக்கெட். ‘‘599-க்கு இன்னும் 588தான் பாக்கி’’ என்று அவன் அப்பாவிடம் தமாஷாகச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் திருத்தினார்: ‘‘டிவிஷன் விக்கெட்டெல்லாம் அந்தக் கணக்குல சேராது சார். அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.’’